பாட்டனார் பிறந்த ஊரும் பேரன் கேட்கும் குடியுரிமையும்

இல்லமும் சட்டமும்: மாதப் பகுதி



பெரம்பலூர், அரியலூர் வட்டாரங்களில் கடல் கடந்த கதை ஒன்றேனும் இல்லாத குடும்பம் அரிது. மானாவாரி நிலத்தை நம்பி வாழ்ந்த நம் முன்னோர், மழை பொய்த்த ஆண்டுகளில் தனுஷ்கோடி வழியாக இலங்கையின் தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்றனர். வேறு பலர் நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கி, மலேயாவின் ரப்பர்த் தோட்டங்களை அடைந்தனர். 'ரஜூலா' என்ற கப்பலின் பெயர் இன்றும் முதியோர் சிலரின் நினைவில் உண்டு. சென்றவர்களுள் சிலர் அங்கேயே தங்கினர். சிலர் அங்குப் பிறந்த பிள்ளைகளோடு ஊர் திரும்பினர். அவர்களுடைய பழுப்பேறிய காகிதங்கள் பல வீடுகளில் இரும்புப் பெட்டியின் அடியில் இன்றும் கிடக்கின்றன.

அக்காகிதங்கள் இப்போது ஒரு புதிய ஆசையை எழுப்பியுள்ளன. "எங்கள் பாட்டனார் வெள்ளைக்காரர் ஆட்சியில் பினாங்கில் பிறந்தவர். அதைக் காட்டி நாங்கள் பிரிட்டிஷ் குடியுரிமை கேட்கலாமா? கிடைத்தால் இந்தியக் குடியுரிமையையும் உடன் வைத்துக்கொள்ளலாமா?" என்பன பலரும் கேட்கும் கேள்விகள். 'ஆகும்' என்று உறுதி கூறி முன்பணம் கேட்கும் தரகர்களும் இருக்கின்றனர். நகையை அடகு வைக்கும் முன், நிலத்தை விற்கும் முன், இதில் உண்மை எவ்வளவு என்பதைக் குடும்பத்தார் அறிந்திருக்க வேண்டும். ஆதலால் இத்திங்கள் இதனையே எடுத்துக்கொள்வோம்.

விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். முதற் கேள்விக்கு, மிகப் பெரும்பாலான குடும்பங்களைப் பொறுத்தவரை, 'இயலாது' என்பதே விடை. இரண்டாம் கேள்விக்கு, இந்தியக் குடிமக்கள் அனைவருக்குமே, 'இயலாது' என்பதே விடை. காரணங்களை ஒவ்வொன்றாகக் காண்போம்.

ஆட்சிக்கு உட்பட்டவரும் குடிமகனும்

1947-க்கு முன் பிரிட்டிஷ் இந்தியாவில் பிறந்த அனைவரும் அன்றைய சட்டப்படி பிரிட்டிஷ் பிரஜைகளே. திருச்சி ஜில்லாவில் பெரம்பலூர் தாலுக்காவில் பிறந்த உழவரும் பிரிட்டிஷ் பிரஜை. இலண்டனில் பிறந்த துரையும் பிரிட்டிஷ் பிரஜை. இந்நிலையை மாற்றியது 1948-ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் தேசிய இனச் சட்டம். அது 1949 சனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. பிரிட்டனோடும் அதன் குடியேற்ற நாடுகளோடும் தொடர்புடையோர் 'ஐக்கிய இராச்சியம் மற்றும் குடியேற்ற நாடுகளின் குடிமக்கள்' என்று ஒரு வகையாயினர். இந்தியா போன்று தன்னாட்சி பெற்ற நாடுகளின் மக்கள் அந்தந்த நாட்டுச் சட்டத்தின்படி குடியுரிமை பெறுவர் என்று விடப்பட்டது. 1950 சனவரி 26 அன்று நம் அரசியலமைப்பு முழுமையாக நடைமுறைக்கு வந்தபோது நம் முன்னோர் இந்தியக் குடிமக்களாயினர்.

ஆதலால், 1925-இல் இந்த மண்ணில் பிறந்த ஒருவர் அன்று பிரிட்டிஷ் பிரஜையாக இருந்தார் என்பது வரலாற்று உண்மை. அவருடைய பேரனுக்கு இன்று அதனால் யாதோர் உரிமையும் இல்லை. 'வெள்ளைக்காரர் ஆட்சியில் பிறந்தவர்' என்ற ஒன்றை மட்டும் காட்டிப் பணம் கேட்பவரை இந்த இடத்திலேயே வாசலோடு அனுப்பிவிடலாம்.

பிரிட்டனில் பிறந்த மூதாதை

பிரிட்டிஷ் சட்டம் இன்று மதிப்பது பிரிட்டன் நாட்டிலேயே பிறந்த மூதாதையை. தந்தை அங்குப் பிறந்த பிரிட்டிஷ் குடிமகனாயின், வெளிநாட்டில் பிறந்த அவருடைய மகனுக்கும் மகளுக்கும் பொதுவாக வம்சாவளிக் குடியுரிமை உண்டு. தாய்வழியில் அவ்வுரிமை 1983-க்கு முன் பிறந்தவர்களுக்கு மறுக்கப்பட்டிருந்தது. அக்குறையைப் போக்க 2003 முதல் சிலரும், 2010 முதல் மேலும் பலரும் பதிவு செய்துகொள்ள வழி திறக்கப்பட்டது. ஆயினும் வம்சாவளியால் குடியுரிமை பெற்றவர், தாமும் வெளிநாட்டில் வாழ்ந்தால், தம் பிள்ளைகளுக்கு அதனைத் தானாகக் கடத்த இயலாது. ஒரு தலைமுறையோடு கயிறு முடிந்துவிடும்.

பாட்டனாரோ பாட்டியாரோ பிரிட்டனில் பிறந்திருந்தால் பேரனுக்குக் குடியுரிமை நேரே கிடைப்பதில்லை. ஆனால் காமன்வெல்த் நாட்டுக் குடிமகனாகிய பேரன், பதினேழு வயது நிறைந்தவனாய், அங்கே உழைக்கும் எண்ணமும் ஆற்றலும் உடையவனாயின், 'வம்சாவளி விசா' கேட்கலாம். அது ஐந்தாண்டுகளுக்குத் தரப்படுகிறது. நிலையாகத் தங்குவதும் குடியுரிமையும் அதற்குப் பிந்திய படிகள். இந்தியா காமன்வெல்த்தில் இருப்பதால் இந்தியருக்கும் இவ்வழி உண்டு. கொள்ளுப்பாட்டனாரைக் காட்டினால் ஏற்கமாட்டார்கள்.

நம் பகுதியில் இத்தகைய மூதாதையர் யாருக்கு இருந்தனர்? திருச்சிப் பொன்மலையில் இரயில்வே பணிமனையைச் சுற்றி வாழ்ந்த ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்களை நம்மில் பலர் அறிவோம். அவர்களுள் கத்தோலிக்கர் பலர். நம் அரசியலமைப்பின் 366-ஆம் பிரிவு ஆங்கிலோ-இந்தியர் யார் என்பதைத் தந்தைவழி மூதாதையைக் கொண்டே வரையறுக்கிறது. 1947-க்குப் பின் அவர்களுள் பலர் பிரிட்டனுக்குப் புறப்பட்டபோது, பிரிட்டிஷ் சட்டமும் ஆண்வழி மூதாதையையே கேட்டது. அப்போது அவர்கள் தேடிச் சென்ற இடம் பங்கு ஆலயத்தின் அலமாரி. திருமுழுக்கு ஏடும், திருமண ஏடும், அடக்க ஏடும் சேர்ந்து, இராணுவத்திலோ இரயில்வேயிலோ பணி செய்ய வந்த முதல் ஆங்கிலேயர் வரை சங்கிலியை இணைத்தன. சென்னை மாகாணத்திலிருந்து அனுப்பப்பட்ட இத்தகைய ஏடுகளின் படிகள் இன்றும் இலண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளன. சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தவர்களின் முயற்சி அங்கேயே நின்றது.

பினாங்குக் காகிதமும் அதன் பெறுமானமும்

இனிப் பினாங்குக்கு வருவோம். பினாங்கும் மலாக்காவும் நேரடிப் பிரிட்டிஷ் குடியேற்றப் பகுதிகளாக இருந்தவை. 1957 ஆகஸ்டு 31 அன்று மலாயா விடுதலை பெற்றபோது, அவ்விரு ஊர்களில் பிறந்தவர்கள் மலாயாக் குடியுரிமையோடு, குடியேற்ற நாடுகளின் குடிமக்கள் என்ற பிரிட்டிஷ் நிலையையும் இழக்காமல் இருந்தனர். தகப்பனார் அங்கே பிறந்தவராயின், 1983-க்கு முன் திருமண வழியில் பிறந்த பிள்ளைகளுக்கும், அவர்கள் இந்தியாவிலே பிறந்திருந்தாலும், அந்நிலை சேர்ந்திருக்கக்கூடும். தரகர் காட்டும் ஆசைக்கு இதுவே அடிப்படை. அவர் சொல்லாமல் விடுவது அதன் பிற்பகுதி.

1968-இல் கென்யாவில் வாழ்ந்த இந்திய வம்சாவளியினர், தம்மிடமிருந்த பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டோடு பிரிட்டனுக்குச் செல்லத் தொடங்கினர். அந்நாட்டுப் பாராளுமன்றம் மூன்றே நாளில் ஒரு சட்டத்தை நிறைவேற்றியது. பெற்றோருள் ஒருவரோ, பாட்டன் பாட்டியருள் ஒருவரோ பிரிட்டனோடு பிறப்பு முதலிய தொடர்பு உடையவராய் இருந்தாலன்றி, பாஸ்போர்ட் இருந்தும் தடையின்றி நுழைய இயலாது என்றது அச்சட்டம். 'பாட்டனார் எங்கே பிறந்தார்?' என்ற கேள்வி வெள்ளையருக்குக் கதவைத் திறந்து, ஆசியருக்கு அதனை மூடும் பூட்டாயிற்று. 1971-ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டம் அதனை உறுதிப்படுத்தியது. 1983 சனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்த 1981-ஆம் ஆண்டுச் சட்டமோ, பினாங்குப் பிறப்புடையோரைப் 'பிரிட்டிஷ் கடல்கடந்த குடிமக்கள்' என்று தனி வகுப்பில் சேர்த்தது. இப்பெயரில் குடிமகன் என்ற சொல் இருக்கிறது. பிரிட்டனில் வாழும் உரிமை இல்லை. 1983-க்குப் பின் பிறந்த பேரப்பிள்ளைகளுக்குப் பொதுவாக அப்பெயர்கூட இல்லை.

இதனை அறியாமல் துன்புற்றோரின் வரலாறு நம் கண் முன்னே உள்ளது. கென்ய இந்தியர் போன்றோருக்கு இழைத்த அநீதியைத் திருத்தும் பொருட்டுப் பிரிட்டன் 2002-இல் ஒரு சட்டம் இயற்றியது. வேறு எந்நாட்டுக் குடியுரிமையும் இல்லாத கடல்கடந்த குடிமக்கள் முழுக் குடிமக்களாகப் பதிவு செய்துகொள்ளலாம் என்றது அது. மலேசியாவில் சிலர் இதனைக் கேட்டு, 'மலேசியக் குடியுரிமையைத் துறந்தால் நாமும் வேறு குடியுரிமை இல்லாதவர் ஆகிவிடுவோம்' என்று எண்ணினர். அவ்வாறு எண்ணும்படி அவர்களுக்கு ஆலோசனை கூறியோரும் இருந்தனர். நூற்றுக்கணக்கானோர் துறந்தனர். ஆனால் 2002 சூலை 4-க்குப் பின் தாமாகக் குடியுரிமையைத் துறந்தவருக்கு இச்சலுகை இல்லை என்று அச்சட்டத்திலேயே எழுதப்பட்டிருந்தது. பிரிட்டன் ஏற்கவில்லை, பிறந்த நாட்டிலோ அவர்கள் இப்போது குடிமக்கள் அல்லர். வேலை, மருத்துவம், பிள்ளைகளின் படிப்பு அனைத்திலும் இடர்ப்பட்டுப் பல ஆண்டுகள் இரு நாடுகளுக்கும் இடையே நின்றனர்.

கையில் உள்ளதை விட்டபின் வேறொன்றைத் தேடலாகாது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

இலங்கை கேட்ட அதே கேள்வி

பாட்டனாரின் பிறப்பிடத்தைக் கேட்டு உரிமையைப் பறித்த மற்றொரு சட்டம் நம் மக்களை இன்னும் நேராகத் தாக்கியது. 1948-ஆம் ஆண்டின் இலங்கைக் குடியுரிமைச் சட்டம், இலங்கையில் பிறந்தவரையும் நோக்கி, 'உன் தகப்பன் இங்கே பிறந்தானா? இல்லையெனில், பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தனரா?' என்று கேட்டது. தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசையில் பிறந்து வளர்ந்தவர்களிடம் தகப்பனாரின் பிறப்புச் சான்று எங்கே இருக்கும்? திருச்சி, சேலம், மதுரை, தஞ்சை ஜில்லாக்களிலிருந்தும் புதுக்கோட்டைச் சீமையிலிருந்தும் சென்றவர்களின் வழித்தோன்றல்கள் இலட்சக்கணக்கில் ஒரே சட்டத்தால் நாடற்றவராயினர்.

1949-இல் வேறொரு சட்டத்தின்கீழ் ஏறத்தாழ எட்டேகால் இலட்சம் பேர் சார்பில் விண்ணப்பங்கள் வந்தன. ஏற்கப்பட்டவர் ஒன்றேகால் இலட்சத்தினும் சற்றே மிகுதி. பின்னர் 1964 அக்டோபர் 30 அன்று லால் பகதூர் சாஸ்திரியும் சிறீமாவோ பண்டாரநாயக்காவும் செய்துகொண்ட உடன்படிக்கையில், 9,75,000 மக்கள் பங்கு பிரிக்கப்பட்டனர். 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேரை இலங்கை ஏற்பது, எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் முடிவு செய்வது என்று எழுதப்பட்டது. அந்த எஞ்சியோரை 1974-இல் இரு நாடுகளும் பாதிப்பாதியாகப் பிரித்துக்கொண்டன.

இதில் ஒரு செய்தியைக் கவனிக்க வேண்டும். நம் அரசியலமைப்பின் 8-ஆம் பிரிவு, பெற்றோரோ பாட்டன் பாட்டியரோ பிரிவினைக்கு முந்திய இந்தியாவில் பிறந்திருந்தால், வெளிநாட்டில் வாழ்பவரையும் அங்குள்ள இந்தியத் தூதரகத்தின் வழியே குடிமகனாகப் பதிவு செய்ய இடமளித்தது. பாட்டனார் பெரம்பலூரில் பிறந்தார் என்பதால் இலங்கை ஒருவரை அயலார் என்றது; அதே காரணத்தால் இந்தியா அவரைத் தன் பிள்ளை என்று ஏற்க முன்வந்தது. ஆயினும் பலர் அதுவரை இந்தியாவைக் கண்டதுமில்லை. தலைமன்னாரிலிருந்து கப்பலில் இராமேசுவரம் வந்து, மண்டபம் முகாமில் பெயர் பதிந்து, பாட்டனார் சொல்லக் கேட்ட ஊரைத் தேடி வந்தவர்களுக்கு ஊர் இருந்தது, உறவு மறந்திருந்தது. 1984-இல் அக்கப்பல் நின்றது. இலங்கையில் எஞ்சியிருந்தோருக்கு 2003-ஆம் ஆண்டின் சட்டம்தான் முடிவாகக் குடியுரிமை தந்தது. நாடற்றோர் என்ற சொல் நீங்க ஐம்பத்தைந்து ஆண்டுகள் ஆயின.

இங்கு வந்தோரிலும் எல்லோர் துயரும் தீர்ந்துவிடவில்லை. உடன்படிக்கையின்படி இந்தியர் ஆகியிருக்க வேண்டிய மலையகத்தார் சிலர், 1983-க்குப் பின் கலவரத்துக்கு அஞ்சி அகதிகளாய்க் கரையேறினர். திருச்சிக் கொட்டப்பட்டு, மண்டபம் முகாம்களில் வாழ்ந்த அத்தகையோரின் மனுக்களைப் பரிவோடு ஆராயுமாறு சென்னை உயர்நீதிமன்ற மதுரைக் கிளை 2019-இல் பணித்தது. 1986-இல் முகாமில் பிறந்த ஒரு பெண்ணுக்கு, 1987 சூலை முதல் நாளுக்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர் என்ற காரணத்தால், இந்தியப் பாஸ்போர்ட் வழங்குமாறு அதே நீதிமன்றம் 2022-இல் தீர்ப்பளித்தது. பிறந்த நாளுக்கும் இடத்துக்கும் உரிய ஒரு சான்று ஒரு வாழ்வையே மாற்றிற்று.

இரு குடியுரிமை உண்டா?

இனி இரண்டாம் கேள்வி. பிரிட்டன் தன் குடிமகன் வேறு நாட்டுக் குடிமகனாகவும் இருப்பதைத் தடுப்பதில்லை. இந்தியா அதனை ஏற்பதில்லை. அரசியலமைப்பின் 9-ஆம் பிரிவும், 1955-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் 9-ஆம் பிரிவும், தாமாக வேறொரு நாட்டுக் குடியுரிமை பெற்ற இந்தியர் அக்கணமே இந்தியக் குடியுரிமையை இழப்பர் என்கின்றன. வயது வந்த ஓர் இந்தியர் வேறு நாட்டுப் பாஸ்போர்ட்டைப் பெறுவதே அதற்கு முடிவான சான்றாகும் என்று விதிகள் கூறுகின்றன. 'இரண்டையும் வைத்துக்கொள்ளலாம், யாருக்கும் தெரியாது' என்பது குற்றத்துக்குக் காட்டும் வழி. அவ்வாறானவர் இந்தியப் பாஸ்போர்ட்டை உடனே ஒப்படைத்துச் சான்று பெற வேண்டும். தொடர்ந்து பயன்படுத்தினால் தண்டனை உண்டு.

2005 முதல் வழங்கப்படும் 'ஓ.சி.ஐ.' அட்டையைச் சிலர் இரட்டைக் குடியுரிமை என்று தவறாக அழைக்கின்றனர். அது வாழ்நாள் விசாவைப் போன்றது. தாம் முன்னர் இந்தியராக இருந்தவர்க்கும், பெற்றோர், பாட்டன் பாட்டி, பூட்டன் பூட்டி ஆகியோருள் ஒருவர் இந்தியராக இருந்தவர்க்கும் உரிய விதிகளின்படி அது கிடைக்கும். அவ்வட்டையுடையவர் விரும்பும்போது வந்து தங்கலாம். ஆனால் அவருக்கு வாக்குரிமை இல்லை. தேர்தலில் நிற்க இயலாது. அரசுப் பணியும் பொதுவாக இல்லை. உழவர் குடும்பத்தார் குறித்துக்கொள்ள வேண்டியது இது: அவர் விளைநிலம் வாங்க இயலாது. தந்தையின் நிலம் மரபுரிமையாக வரலாம். பக்கத்து வயலை விலைக்கு வாங்க முடியாது. மூத்த மகன் அயல்நாட்டுக் குடிமகனாகும் முன் குடும்பம் கூடி இதனைப் பேசிக்கொள்வது நன்று.

ஒருவர் எடுக்கும் முடிவு தலைமுறைகளைத் தொடும் என்பதைப் புதுச்சேரியும் காரைக்காலும் நமக்குக் காட்டுகின்றன. 1956 மே 28 அன்று கையெழுத்தாகி, 1962 ஆகஸ்டு 16 அன்று நடைமுறைக்கு வந்த ஒப்பந்தத்தின்படி, அங்கே பிறந்து அங்கேயே வாழ்ந்த பிரெஞ்சுக் குடிமக்கள் இந்தியராவர். பிரெஞ்சுக் குடியுரிமையே வேண்டுமென்போர் ஆறு மாதத்துக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். சிலர் எழுதித் தந்தனர், பலர் வாளாவிருந்தனர். அண்ணன் பிள்ளைகள் பிரெஞ்சுக் குடிமக்களாகவும் தம்பி பிள்ளைகள் இந்தியராகவும் வாழும் நிலை இதனால் தோன்றியது.

இன்று இலண்டனில் பிறக்கும் பேரக்குழந்தை

பழைய கப்பல் நின்றாலும் பயணம் நிற்கவில்லை. நம் பெண்மக்கள் செவிலியராகப் பிரிட்டன் செல்கின்றனர். அங்கே ஒரு குழந்தை பிறந்ததும், 'எங்கள் பேரன் வெள்ளைக்கார நாட்டுக் குடிமகன்' என்று ஊரில் மகிழ்வோர் உண்டு. 1983 முதல் பிரிட்டனில் பிறப்பது மட்டும் போதாது. பிறக்கும்போது பெற்றோருள் ஒருவரேனும் பிரிட்டிஷ் குடிமகனாகவோ, நிலையாகத் தங்கும் உரிமை பெற்றவராகவோ இருத்தல் வேண்டும். வேலை விசாவில் மட்டும் இருப்போரின் குழந்தை பிரிட்டிஷ் குடிமகன் அன்று.

அக்குழந்தை இந்தியக் குடிமகனாவதற்கும் பெற்றோர் ஒன்று செய்ய வேண்டும். பிறந்த ஓராண்டுக்குள் இந்தியத் தூதரகத்தில் அப்பிறப்பைப் பதிவு செய்தல் வேண்டும். ஓராண்டு கடந்தால் மத்திய அரசின் இசைவு தேவைப்படும். பணிச் சுமையில் இதனை மறக்கும் பிள்ளைகளுக்கு, இங்குள்ள தாத்தாவும் பாட்டியும் தொலைபேசியில் நினைவூட்டலாம். அது பேரனுக்கு அவர்கள் செய்யும் பெரும் உதவி.

இராயப்பனும் பீட்டரும் ஒருவரே என்று யார் சொல்வார்?

மேற்கண்ட ஒவ்வொரு நிகழ்ச்சியிலும் இறுதியில் முடிவு செய்தது ஓர் ஏட்டின் ஒரு வரி. நம் நாட்டில் பிறப்பு இறப்புப் பதிவுக்கு 1969-ஆம் ஆண்டின் சட்டம் 1970-இல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் சென்னை மாகாணத்தில் 1899-ஆம் ஆண்டுச் சட்டம் இருந்தும், சிற்றூர்களில் பல பிறப்புகள் விடுபட்டன. நாம் கத்தோலிக்கர் என்ற வகையில் பெற்றுள்ள ஒரு நன்மை, ஒவ்வொரு பங்கிலும் திருமுழுக்கு ஏடும் திருமண ஏடும் இறப்பு ஏடும் இருக்க வேண்டும் என்ற திருச்சபைச் சட்டம். இவற்றுள் திருமுழுக்கு ஏட்டையும் திருமண ஏட்டையும் வைக்கும் வழக்கத்தைத் திரிதெந்தின் பொதுச்சங்கம் 1563-இல் நிலைநாட்டியது. திருமணமும் உறுதிபூசுதலும் திருமுழுக்கு ஏட்டின் ஓரத்தில் குறிக்கப்படுவதால், ஒரே பக்கத்தில் ஒருவரின் வாழ்வு முழுவதும் தெரியும்.

ஆயினும் அவ்வேட்டுக்கும் மற்ற காகிதங்களுக்கும் பொருத்தம் இல்லாமற் போவது நம் குடும்பங்களில் வழக்கமாகிவிட்டது. பேதுருவை இராயப்பர் என்றும், பவுலைச் சின்னப்பர் என்றும், யோவானை அருளப்பர் என்றும், யோசேப்பைச் சூசையப்பர் என்றும், பிரான்சிஸ் சேவியரைச் சவேரியார் என்றும் அழைத்து வந்தோம். ஆகையால் பழைய இலத்தீன் ஏட்டில் 'பெத்ருஸ்' என்று எழுதப்பட்டவர், ஊரில் இராயப்பன். தோட்டத்துக் கணக்கப்பிள்ளையின் ஏட்டில் பீட்டர். பள்ளிச் சான்றிதழில் வேறொன்று. நமக்கு அவர் ஒருவரே. பெயர்களை மட்டும் பார்க்கும் அயல்நாட்டு அலுவலருக்கு அவர் நால்வர். தலைப்பெழுத்து மாறினால் தகப்பனாரே மாறிவிடுகிறார்.

ஊர்ப் பெயரிலும் இவ்விடர் உண்டு. பெரம்பலூர் 1995-இல்தான் தனி மாவட்டமாயிற்று; அரியலூர் 2007 முதல் தனி மாவட்டமாக உள்ளது. 1995-க்கு முந்திய காகிதங்களில் திருச்சிராப்பள்ளி என்றே இருக்கும். கும்பகோணம் மறைமாவட்டமும் 1899-இல்தான் புதுவையிலிருந்து பிரிந்தது. அதற்கு முற்பட்ட திருச்சபைச் செய்தியைத் தேடுவோர் இதனை நினைவிற் கொள்ள வேண்டும்.

செய்யத்தக்கவை எளியவை. இல்லத்தில் உள்ள பிறப்பு, திருமுழுக்கு, திருமணம், பள்ளி, குடும்ப அட்டை ஆகிய காகிதங்களை ஒரு நாள் மேசைமேல் பரப்பி, பெயரும் நாளும் ஒத்திருக்கின்றனவா என்று பாருங்கள். அரசு ஏட்டில் பிழை இருந்தால் பதிவாளரிடம் சான்று காட்டித் திருத்தம் கேட்கலாம். பெயரையே மாற்றியிருந்தால் அரசிதழில் வெளியிடலாம். பங்குத்தந்தையிடம் சென்று, 'பாஸ்போர்ட்டுக்கு ஏற்றவாறு நாளை மாற்றித் தாருங்கள்' என்று மட்டும் கேட்காதீர்கள். ஏட்டில் உள்ளபடி சான்று தருவதே அவர் கடமை. ஒரு பொய் வரி நுழைந்தால் அந்த ஏட்டின் மற்ற வரிகளுக்கும் மதிப்பு குறையும்; நாளை உண்மையான உரிமை கேட்கும் ஏழைக்கு அதுவே தடையாகும்.

பெட்டியில் பாட்டனாரின் பினாங்குச் சான்றோ, இலங்கைத் தோட்டத்துச் சீட்டோ இருக்குமாயின் அதனை எறிந்துவிடாதீர்கள். படி எடுத்து வையுங்கள். முதியவர் இருக்கும்போதே அவர் பிறந்த தோட்டத்தின் பெயரையும், சென்ற ஆண்டையும், உடன்பிறந்தார் பெயரையும் கேட்டு எழுதுங்கள். பிரிட்டிஷ் குடியுரிமைக்கு அது உதவாமற் போகலாம். அங்கே தங்கிவிட்ட உறவினரைக் கண்டுபிடிக்கவோ, அவர்கள் பிள்ளைகள் ஓ.சி.ஐ. அட்டை பெறவோ அக்காகிதமே துணையாகலாம். நாம் அங்கே உரிமை தேடுவது போலவே, அவர்கள் நம் ஊர் ஏட்டில் தம் வேரைத் தேடி வரக்கூடும். வந்தால், பெயரைத் தேடித் தருவதோடு, ஒரு வேளை உணவும் தந்து அனுப்புங்கள்.

தரகர் யாரேனும் உறுதி கூறினால், 'எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவின்படி?' என்று எழுத்தில் கேளுங்கள். பிரிட்டிஷ் அரசின் விதிகள் அடிக்கடி மாறுவதால், விண்ணப்பிக்கும் நாளில் உள்ள விதியை அந்த அரசின் அறிவிப்பிலேயே பார்க்க வேண்டும். புதிய குடியுரிமை முறையாகக் கைக்கு வரும் முன், இந்தியக் குடியுரிமையைத் துறப்பதாக எந்தக் காகிதத்திலும் கையெழுத்திடாதீர்கள். நாடற்றவர் என்ற பெயர் எத்துணைக் கொடியது என்பதை, ஐம்பத்தைந்து ஆண்டுகள் அதனைச் சுமந்த நம் உறவினரைக் கேட்டால் சொல்வர்.